பாசையூர் வலையும் கஸகஸ்தான் கோலும்

கஸகஸ்தானிலிருந்து வந்த பேர்போன ஐஸ் ஹொக்கி வீரர்கள் ஜேர்மனியில் அடித்த கோல்களெல்லாம் பாசையூர்க் கொறற்றி போட்ட பிச்சை. சரி, இது கொஞ்சம் கூடிப்போயிற்று. ‘வீரர்கள்’ என்பதை ‘ஒரு வீரர்’ என்றும், ‘கோல்களெல்லாம்’ என்பதை ‘ஒரேயொரு கோல்’ என்றும் மாற்றிக்கொள்ளுங்கள். ‘ஜேர்மனியில்’ என்பதற்குப் பதிலாக, டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் வருடா வருடம் கடைசிக்கு முதல் இடத்தில் வருவதையே வெற்றியாகக் கொண்டாடுகிற ஒரு சின்ன நகரத்துக் கழகத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். ‘பிச்சை’ என்ற சொல்லையும் எடுத்துவிடலாம், கொறற்றிக்கு அது பிடிக்காது. இவ்வளவையும் கழித்த பிறகு மிஞ்சுகிற கதையே ஒருவருக்குத் தாராளமாகப் போதும்.

பாசையூர் ஒரு மீன்பிடிக் கிராமம், கொறற்றி அங்கே கடலைப் பார்த்துக்கொண்டு பிறந்தவள். தகப்பனுக்கும் தமையன்மாருக்கும் கடல் தொழில். பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகத்தைக் கீழே வைத்ததும் அவளுடைய கையில் வலை ஊசி ஏறிவிடும். அந்தோனியார் கோயில் திருவிழாவுக்குப் பட்டுச் சேலை உடுத்திக்கொண்டு போகும்போதும் விரலில் நைலோன் நூல் வெட்டின கோடு தெரியும். எண்பத்தைந்தாம் ஆண்டு, மற்ற ஆயிரம் பேரைப்போல, கால்விரல் தெரிகிற செருப்போடு ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினாள். கிழக்கு பெர்லினிலிருந்து மேற்கு பெர்லினுக்கு ரயிலில் வந்தாள். அங்கிருந்து ‘உனக்கு இந்த நகரம்’ என்று சொல்லி ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கணவர் சூசைதாசன் கிரேக்கக் கப்பலொன்றில் உலகம் சுற்றிக்கொண்டிருந்தார். கப்பல் ஹம்பேர்க்கில் கட்டினால் மனைவியை வந்து பார்ப்பார். வந்து நிற்கிற இரண்டு நாளும் கொறற்றி பேசுவாள், அவர் கேட்பார். பிறகு கப்பலுக்குப் போய் ஓய்வெடுப்பார் என்று விடுதியில் பேச்சு.

அவளுடைய உடம்புதான் அகதியாக வந்தது. வாய் ஒருநாளும் அகதியானதில்லை.

விடுதி என்றால், சுரங்கத் தொழிலாளர் தங்கியிருந்த பழைய கட்டிடம். இடப்பக்கம் தமிழர். வலப்பக்கம் சோவியத் தேசத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஜேர்மன் வம்சத்தவர். நடுவில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு குசினி. இங்கே கருவாடு பொரியும், அங்கே ஜாடியில் முட்டைக்கோவா புளிக்கும். இரண்டு மணமும் சந்திக்கிற இடத்தில் யன்னல் எந்தக் குளிரிலும் திறந்தே கிடக்கும்.

அகதிகளுக்கு வேலை செய்ய அனுமதியில்லாத காலம் அது. ஆனால் பொதுப்பணி என்று பெயர் வைத்து, பூங்காவில் இலை கூட்டவும் மயானத்தில் புல் வெட்டவும் நகரசபை ஆட்களை அனுப்பும். கொறற்றிக்கு விழுந்தது ஐஸ் மண்டபம். முதல்நாள் அந்த மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்து அவள் குசினியில் சொன்னது இது:

“வெளியிலை றோட்டிலை ஐஸ் உருகவேணும் எண்டு உப்புக் கொட்டுறாங்கள். உள்ளுக்கை அதே ஐஸ் உருகக்கூடாது எண்டு மெசின் பூட்டி வைச்சிருக்கிறாங்கள். இடையிலை சுவர் ஒண்டை எழுப்பாமல் விட்டிருந்தால் ரெண்டு செலவும் மிச்சம்.”

ஐஸைப் பார்த்துக்கொள்கிறவர் கொவால்ஸ்கி என்ற கிழவர். ஐஸ்மைஸ்ரர் என்பது அவருடைய பதவி. அரைவாசி ஆயுளை நிலத்துக்குக் கீழே நிலக்கரியோடு கழித்துவிட்டு, மிச்சத்தை மேலே வெள்ளை ஐஸோடு கழிக்க வந்தவர். கொறற்றிக்கு ஜேர்மன் பேசக் கற்றுத்தந்தது அவருடைய வாய்தான். ஆகவே அவள் பேசின ஜேர்மனில் இலக்கணத்தைவிடச் சுரங்கத்து வசவு அதிகம். தேவாலயத்துக் கன்னியாஸ்திரியிடம் ஒருமுறை அப்படிப் பேசியதில், அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து ஆற்றவேண்டியிருந்தது.

எண்பத்தெட்டாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் வலப்பக்கத்துக்கு விக்டர் ரைமரும் மனைவி லிடியாவும் வந்தார்கள். கஸகஸ்தானில் ஊஸ்ட் கமெனகோர்ஸ்க் என்று ஒரு ஊர். சுருக்கமாகச் சொல்ல ஏலாத பெயர், அங்கே குளிரும் சுருக்கமில்லை. நடக்கப் பழகுகிற பிள்ளையின் காலில் சறுக்குச் சப்பாத்தைக் கட்டிவிடுகிற ஊர். விக்டரின் முன்னோர் எந்தக் காலத்திலோ ரஷ்யாவில் குடியேறின ஜேர்மன்காரர், இரண்டாம் உலக யுத்தத்தில் கஸகஸ்தானுக்கு ஏற்றி அனுப்பப்பட்டவர்கள். இரத்தம் ஜேர்மன் இரத்தம் என்றபடியால் விக்டருக்குக் கடவுச்சீட்டு உடனே கிடைத்தது. பாஷைதான் கிடைக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஜேர்மன், பாட்டி வேதப்புத்தகம் வாசித்துச் சொல்லிக்கொடுத்தது. அலுவலகத்துக் கண்ணாடி யன்னலுக்கு முன்னால் நின்று, “உமக்குச் சமாதானம் உண்டாவதாக, அடியேன் வந்திருக்கிறேன்” என்பார். உள்ளே இருக்கிற பெண் திகைத்துப்போய்ப் பேனையைக் கீழே வைத்துவிடுவாள்.

அதனால் கொறற்றி கூடப் போகவேண்டியிருந்தது. வெள்ளைத்தோல் ஜேர்மன்காரர் ஒருவர் ஜேர்மன் பேச, பாசையூர்ப் பெண் அதை ஜேர்மனில் மொழிபெயர்த்துச் சொல்ல, அலுவலர் கொறற்றியைப் பார்த்து, “இவரிடம் கேளுங்கள்” என்று சொல்வார். விஸா இல்லாதவள் மொழிபெயர்க்க, கடவுச்சீட்டு உள்ளவர் தலையாட்டுவார்.

ஒரு மத்தியானம் குசினியில் விக்டர், கொறற்றியின் மீன்குழம்பைத் தின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

“எங்கள் ஊரில் நான் ரொட்டிக்கு வரிசையில் நின்றதில்லை. என்னைக் கண்டால் வரிசை விலகும்.”

“ஏன்?” என்றாள் கொறற்றி.

“ஹொக்கி.”

லிடியா அடுப்புப் பக்கமிருந்து, ஆமென்று தலையசைத்தாள்.

மேசையின் மறுகரையில் இருந்த யோகலிங்கம் இதைத் தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார். யோகலிங்கம் ஆவரங்கால் ஆள், ஒரு காலத்தில் ஊர்க் கரப்பந்தாட்ட, அதாவது வொலிபோல், அணியின் கப்டன். இப்போது வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. கப்டன் பதவி மட்டும் பின்னால் போகவில்லை.

“உது என்ன புதுக்கதையே பிள்ளை? இந்த விடுதியிலை ஆர் பேர்போன ஆளில்லை? நான் கப்டன். மேல்மாடிப் பவளமக்கான்ரை மனிசன் பள்ளிக்கூட அதிபர். அந்த மூலையிலை வெங்காயம் உரிக்கிறவர் கிராமச் சபைத் தலைவர். ஒருத்தரும் சாதாரண ஆள் இல்லை. சாதாரண ஆக்களெல்லாம் ஊரிலை நிண்டிட்டினம் போலை.”

“அப்ப நான் ஆர் அண்ணை?”

“நீயோ? உன்ரை வாய்க்கு அங்கையும் பேர், இங்கையும் பேர்.”

யோகலிங்கம் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தூரம் கூடக்கூட ஆட்களின் பெருமையும் வளரும். விமான நிலையத்தில் எல்லாவற்றையும் நிறுக்கிறார்கள், அதை மட்டும் நிறுப்பதில்லை.

ஆனால் கொறற்றி விக்டரை நம்பினாள். காரணம், அவள் பார்த்துவிட்டாள். ஊர்ப்பிள்ளைகள் சறுக்கி விளையாட வருகிற ஒரு மாலையில், கொவால்ஸ்கியிடம் பழைய சறுக்குச் சப்பாத்து ஒரு சோடி கேட்டு வாங்கி, விக்டர் ஐஸில் இறங்கினார். கரையில் நடக்கும்போது முழங்கால் நோகிற மனிதர்போல நடக்கிறவர், ஐஸில் கால் வைத்ததும் வேறு யாரோ ஆகிவிட்டார். விழுந்து கிடந்த பிள்ளைகளுக்கு நடுவில் பின்பக்கமாகவே வளைந்து வளைந்து போனார். ஒருவரையும் தொடவில்லை. ஒருவன் வள்ளத்தில் கால் வைக்கிற விதத்தைக் கண்டாலே அவன் எப்படிப்பட்ட கடலோடி என்று பாசையூரில் சொல்லிவிடுவார்கள். கொறற்றி விளக்குமாற்றை மதிலில் சாத்திவிட்டு, வாயைத் திறந்தபடி நின்றாள். அந்த வாயிலிருந்து சத்தம் வராமல் இருந்த சில நிமிடங்களில் அதுவும் ஒன்று.

அன்றிலிருந்து அவள் கொவால்ஸ்கியை விடவில்லை. கொவால்ஸ்கி பயிற்சியாளர் பிறிங்க்மனிடம் சொன்னார். பிறிங்க்மன் பெரிய மீசை வைத்த, சிரிப்பை அந்த மீசைக்குள் ஒளித்து வைத்திருக்கிற மனிதர்.

“ரஷ்யாவிலிருந்து வருகிற எல்லாரும் நட்சத்திரம்தான்,” என்றார். “போன மாதம் ஒருவர் வந்தார். ஐஸில் ஏறின கையோடு இறங்கி, முதுகு பிடித்துக்கொண்டது என்றார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் முதல் அணியும் இரண்டாம் அணியும் தங்களுக்குள் விளையாடும். உங்கள் ஆள் இரண்டாம் அணியில் நிற்கட்டும். டீற்றர் காக்கிற வலைக்குள் ஒரு கோல் அடித்தால் சேர்த்துக்கொள்கிறேன். அடிக்காவிட்டால் கைகொடுத்து அனுப்பிவிடுவேன்.”

டீற்றர் பகலில் இறைச்சிக்கடைக்காரர். உருவம் அவர் கடைக் குளிர்ப்பெட்டி. வாசலில் நின்றால் வாசலே தெரியாது.

விக்டருக்கு அந்த ஞாயிறு தவிர வேறு நாள் இல்லை. திங்கட்கிழமை காலையில் அவர் ஹனோவரில் நிற்கவேண்டும். கடைசல் இயந்திரம் பழகுகிற பயிற்சி, அலுவலகம் ஒழுங்குபண்ணிக் கொடுத்தது. வயது முப்பத்துநாலு. ஒரு வருடம் பட்டறையில் நின்றுவிட்டால் பிறகு எந்தக் கழகமும் திரும்பிப் பார்க்காது. அதோடு ஹொக்கி முடிந்தது. லிடியா கர்ப்பிணி, ஏழு மாதம். ஹனோவரில் அவர்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சூட்கேஸை அவள் வெள்ளிக்கிழமையே அடுக்கி வைத்துவிட்டாள். அடுக்கும்போது விக்டரின் சறுக்குச் சப்பாத்துக்கு இடம் விடுவதா வேண்டாமா என்று தெரியாமல், வைத்தும் எடுத்தும் கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில்தான் கொறற்றி நன்மை செய்யப் புறப்பட்டாள்.

ஐஸ் மண்டபத்துக் கோல் வலைகளைப் பார்த்து அவள் வந்த நாளிலிருந்து மனம் புழுங்கிக்கொண்டிருந்தாள். பின்பக்கம் முழுக்க ஓட்டை. கொவால்ஸ்கி பார்சல் கட்டுகிற சணல் கயிற்றால் அங்கங்கே முடிச்சுப் போட்டிருந்தார்.

“ஹெர் கொவால்ஸ்கி, இது வலையில்லை,” என்றாள் அவள். “ஓட்டையெல்லாத்தையும் ஒண்டாச் சேர்த்துக் கட்டின மூட்டை.”

“இருபது வருடமாக இப்படித்தான் இருக்கிறது.”

“ஞாயிற்றுக்கிழமை விக்டர் அடிக்கிற வட்டு இந்த ஓட்டையாலை போய் அங்காலை விழுந்தால், வெளியாலை போன வட்டு எண்டு சொல்லிப்போடுவார் உங்கடை மீசைக்காரர். என்னட்டைத் தாங்கோ.”

வட்டு என்றது, ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக அடிபடுகிற கறுப்பு றப்பர் துண்டை. கொவால்ஸ்கி வலையைக் கழற்றிக் கொடுத்தார். வெள்ளை நைலோன் கயிறும் கொடுத்தார். லிடியா தன் மர அகப்பையைக் கொடுத்தாள். அதன் காம்பைச் சீவி வலை ஊசி செய்து, கொறற்றி குசினித் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கண்ணி கண்ணியாகப் பொத்தினாள். இடப்பக்கத்து ஆட்களும் வலப்பக்கத்து ஆட்களும் சமைக்க வந்தபோது அவளுடைய காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். சனிக்கிழமை மத்தியானம் பார்த்தால் வலை புதுசு.

அன்றைக்குக் கொவால்ஸ்கி மகள் வீட்டுக்குக் கேக் தின்னப் போயிருந்தார். மண்டபத்துத் திறப்பைக் கொறற்றியிடம் கொடுத்திருந்தார். வலையைத் தூக்க ஒரு ஆள் வேண்டும் என்று அவள் யோகலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு போனாள். அதுதான் பிழை.

இரும்புச் சட்டத்தில் வலையைப் போர்த்தி, ஓரத்தைக் கோத்துக் கட்டத் தொடங்கினதும் யோகலிங்கத்துக்குள் கிடந்த கப்டன் எழும்பிவிட்டார்.

“என்ன பிள்ளை உப்பிடித் தொங்கவிடுறாய்? கொடியிலை சாரம் காயப்போட்ட மாதிரி.”

“வலை எண்டால் சோரவேணும் அண்ணை. மீன் வந்து விழேக்கை, அதோடை கொஞ்சத் தூரம் போய்த்தான் பிடிக்கும்.”

“மீன்! இது விளையாட்டு. வலை எண்டால் இழுவையிலை நிக்கவேணும். தட்டினால் டங் எண்டு சொல்லவேணும். அந்தச் சத்தம் வராத வலையிலை நான் ஒருநாளும் விளையாடினதில்லை. ஆவரங்காலிலை கேட்டுப்பார்.”

“ஆவரங்காலுக்கு இப்ப போய்க் கேக்க ஏலுமே?”

“அப்ப நான் சொல்லுறதைக் கேள். மீனைப் பற்றி நீ சொல்லு, நான் வாய் திறக்கன். விளையாட்டைப் பற்றி நான் சொல்லுறன்.”

கொறற்றி யோசித்துப் பார்த்தாள். ஹொக்கியில் மீன் இல்லை என்பது உண்மை. கரப்பந்தாட்டத்துக்கும் ஹொக்கிக்கும் அவளுக்குத் தெரிந்து ஒரே வித்தியாசம் குளிர்தான். “சரி, இழுங்கோ,” என்றாள். கொவால்ஸ்கியின் குறட்டால் பிடித்து, யோகலிங்கம் ஒரு காலைச் சட்டத்தில் ஊன்றி, தன் முழுப் பாரத்தையும் கொடுத்து இழுத்தார். அவள் முடிச்சுப் போட்டாள். பாசையூர் முடிச்சு, செத்தாலும் இளகாது. இரண்டு கோலையும் கட்டி முடித்து யோகலிங்கம் விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

டங்.

“கேட்டியே?” என்றார். பிறகு இரண்டு கையாலும் தவில்போல வாசித்தும் காட்டினார். ஆளில்லாத மண்டபம் முழுக்க அந்தச் சத்தம் உருண்டது. கொறற்றிக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே மண்டபத்துக்குத் தமிழர் பாதிப்பேர் வந்துவிட்டார்கள். ஹொக்கி தெரிந்தவர் ஒருவரும் இல்லை, ஆனால் தங்கள் குசினி ஆள் விளையாடுகிறார். லிடியா கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியபடி, ரயிலுக்குக் காத்திருக்கிறவள்போல வாங்கின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கொறற்றி தேவாலயத்தில் கிடைத்த நீளமான நைலோன் கோட்டும் கொவால்ஸ்கியின் றப்பர் சப்பாத்துமாக, விளக்குமாற்றோடு கம்பிக் கதவடியில் நின்றாள்.

பிறிங்க்மனே விசில் ஊதினார். தொடங்கி வெகுநேரம் விக்டருக்கு ஒருவரும் வட்டைத் தள்ளிக் கொடுக்கவில்லை. தெரியாத ஆளுக்கு எதற்குக் கொடுப்பது? அவர் வெறுமனே வளைய வந்துகொண்டிருந்தார். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

“இவர் பேர்போன ஆள்தான்,” என்றார் யோகலிங்கம், கதவடிக்கு வந்து. “கோயில் வீதி சுத்துறதிலை.”

“வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ அண்ணை.”

அவள் சொல்லி முடிக்கவில்லை. எதிரணி ஆள் ஒருவர் வட்டைக் கொஞ்சம் தூர விட்டார். விக்டர் எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை, வட்டு அவருடைய தடியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒருவரைச் சுற்றினார், இன்னொருவருடைய கைக்குக் கீழால் போனார், டீற்றர் இடப்பக்கம் சாய்கிறாரா வலப்பக்கம் சாய்கிறாரா என்று ஒரு கண்வெட்டு நேரம் பார்த்தார், அடித்தார்.

டங்.

வட்டு கோலுக்குள் போன வேகத்திலேயே வெளியே வந்து, விக்டரின் தோளுக்கு மேலால் பறந்து, மைதானத்தின் நடுவில் போய் விழுந்தது. பிறிங்க்மன் இரண்டு கையையும் விரித்தார்.

“கம்பத்தில் பட்டது! விளையாடுங்கள்!”

சனம் “ஓ” என்றது. டீற்றர் குனிந்து தனக்குப் பின்னால் பார்த்தார். ஒன்றும் இல்லை. அவரும் தோளைக் குலுக்கினார். விக்டர் வட்டுக்குப் பின்னால் திரும்பினார். மத்தியஸ்தரோடு வாதாடுகிற பழக்கம் அவர் வந்த தேசத்தில் இல்லை. லிடியா மெதுவாக எழும்பி நின்றாள்.

அந்த மண்டபத்தில் இரண்டே பேர்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பிள்ளை,” என்றார் யோகலிங்கம் மெல்ல. “அது இரும்பின்ரை சத்தமில்லை.”

“தெரியும்.”

“அது எங்கடை சத்தம்.”

“தெரியும் எண்டுறன்! நேற்று முழுக்கத் தவில் அடிச்சது நீங்கள்தானே!”

“கத்தாதை. நடந்தது நடந்துபோச்சு. நீ போய்ச் சொன்னால், மண்டபத்து வலையைக் கெடுத்தவள் எண்டு நகரசபைக்குச் சொல்லுவாங்கள். அன்றாக் இன்னும் முடியேல்லை. உன்ரை பைலிலை என்னத்தையாவது எழுதிப்போட்டால்? என்ரை பைலிலை?”

கொறற்றிக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. அவளுடைய அன்றாக், அதாவது அகதி விண்ணப்பம், மூன்று வருடமாக எந்த மேசையிலோ தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்புகிறமாதிரி ஒரு தும்மல்கூடத் தும்மக்கூடாது என்றுதான் விடுதியில் எல்லாரும் நடந்துகொண்டார்கள். அவள் லிடியாவைப் பார்த்தாள். லிடியா விசில் ஊதக் காத்திராமல் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ரை வலையாலை ஒருத்தன் கடைசல் பட்டறைக்குப் போறதோ?” என்று சொல்லிக்கொண்டு கொறற்றி கம்பிக் கதவைத் திறந்தாள்.

யோகலிங்கம் கோட்டைப் பிடித்து இழுத்தார். நைலோன் கோட்டு கைக்குப் பிடிபடவில்லை. அவள் ஐஸில் இறங்கி, நாலு அடி நடந்து, ஐந்தாவது அடியில் இரண்டு கையையும் காற்றில் நீட்டி, கொக்குப்போல ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. ஆட்டக்காரர் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“வலை!” என்று ஜேர்மனில் கத்தினாள். “கம்பமில்லை! வலை! அங்கே!” கொவால்ஸ்கியிடம் கற்ற சொற்கள் இரண்டு மூன்றும் அதோடு சேர்ந்து வந்தன. மேலே இருந்த ஒரு மூதாட்டி காதைப் பொத்திக்கொண்டார்.

விக்டர் அவளிடம் வந்து நின்றார். அவளைப் பார்த்தார். அவள் நீட்டின விரலைப் பார்த்தார். அந்த விரல் காட்டின கோலைப் பார்த்தார். பிறகு தன் தடியை நீட்டினார். அவள் அதன் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கரைக்குக் கொண்டுபோய் விடப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் மறுபக்கம் திரும்பி, கோலைப் பார்த்து அவளை இழுத்துக்கொண்டு போனார். முதலில் மெதுவாக, பிறகு அவள் விரும்பினதைவிட நிறைய வேகமாக.

“மெல்ல! ஐயோ மெல்ல! அந்தோனியாரே!” என்று கொறற்றி இப்போது தமிழுக்கு மாறிவிட்டாள்.

கோலுக்குச் சற்று முன்னால் விக்டர் பக்கவாட்டில் திரும்பி நின்றார். ஐஸ் தூள் எழும்பிப் பறந்தது. அவர் நின்றார், அவள் நிற்கவில்லை. தடி கையைவிட்டுப் போயிற்று, கால் மேலே போயிற்று. கொறற்றி நைலோன் கோட்டில் உட்கார்ந்தபடி, கடற்கரையில் வழுக்கி இறக்கிவிட்ட தோணிபோல நேரே போனாள். டீற்றர் மரியாதையுள்ள மனிதர். ஒரு பெண்பிள்ளை வருகிறாள் என்று கண்டதும் ஒதுங்கி வழி விட்டார்.

கொறற்றி கோலுக்குள் போனாள். டங். கொறற்றி கோலுக்கு வெளியே வந்தாள்.

வந்தவள் சுழன்று சுழன்று போய்ப் பிறிங்க்மனின் காலடியில் நின்றாள். தலையிலிருந்த கம்பளித் தொப்பி மட்டும் உள்ளே கிடந்தது.

“ஹெர் பிறிங்க்மன்,” என்றாள் கொறற்றி, உட்கார்ந்தபடியே. “நான் இப்ப உள்ளே போனேனா இல்லையா?”

“போனீர்கள்,” என்றார் அவர்.

“கம்பத்தில் பட்டேனா?”

“இல்லை.”

“வெளியே வந்தேனா?”

“மிகவும் வேகமாக.”

“விக்டரின் வட்டும் அப்படித்தான் வந்தது. வலையை நான் கட்டினேன். பிழை என்னுடையது. அவருடையதில்லை.”

“இழுத்துக் கட்டினது நான்!” என்று கதவடியிலிருந்து யோகலிங்கம் நெஞ்சில் கையை வைத்துக் கத்தினார். தமிழில் கத்தினபடியால் அவருடைய வீரத்தைத் தமிழரைத் தவிர வேறு ஒருவரும் அறியவில்லை. பைலிலும் ஏறவில்லை.

பிறிங்க்மன் வட்டொன்றை எடுத்துக் கோலுக்குள் கையால் எறிந்தார். அது டங் என்று திரும்பி அவருடைய முழங்காலில் வந்து அடித்தது. கொவால்ஸ்கி ஓடிவந்து வலையை விரலால் சுண்டிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறிங்க்மனின் மீசை இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கிற்று. அவர் விசிலை ஊதி, கையை நடு மைதானத்துக்கு நீட்டினார்.

“கோல்!” என்றார். “வட்டு அடித்தது மட்டும். இந்த அம்மாவினது சேராது.”

தமிழர் பக்கம் எழும்பின சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. டீற்றர் தலைக்கவசத்தைக் கழற்றி, கொறற்றியின் தொப்பியை எடுத்துத் தட்டி, கொண்டுவந்து கொடுத்தார். லிடியா வாங்கில் மறுபடி உட்கார்ந்து, கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

திங்கட்கிழமை ஹனோவருக்கு ஒருவரும் போகவில்லை. மாலையில் பயிற்சி, பகலில் டீற்றரின் கடையில் வேலை என்று விக்டருக்கு ஒழுங்காயிற்று. ரொட்டி வரிசையே விலகி வழிவிட்ட மனிதர் இறைச்சி நறுக்கினார், நன்றாகவே நறுக்கினார். கொறற்றியைப் பற்றி நகரசபைக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கொவால்ஸ்கி மட்டும், வலையை இனி அவள் மனப்படி கட்டட்டும், ஆண்பிள்ளை எவரும் அதைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டார்.

அடுத்த ஞாயிறு பொதுக் குசினியில் விருந்து. கொறற்றி நண்டுக் குழம்பு வைத்தாள். லிடியா மாவுக்குள் இறைச்சி வைத்து அவித்த ரஷ்யப் பலகாரம் செய்தாள். டீற்றர் ஒரு முழு வேலியே கட்டலாம் என்னுமளவுக்கு சொசேஜ் கொண்டுவந்தார். பிறிங்க்மன் நண்டை எப்படி உடைப்பதென்று தெரியாமல் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

கதை சொல்லுகிற பொறுப்பை யோகலிங்கம் எடுத்துக்கொண்டார். பாதி ஜேர்மன், பாதி அபிநயம்.

“இவ நடந்து போறா. நடக்க ஏலாது. விக்டர் பாவம், கரைக்குக் கொண்டுபோக இழுக்கிறார். திசை மாறிப்போச்சு. அங்கை போய் நிக்கேக்கை தடி வழுக்கிப்போச்சு. இவ சர்ர்ரெண்டு போறா! தற்செயலாகப் பாருங்கோ, கோல் வாசலுக்கை போறா!”

“தற்செயலோ?” என்றாள் கொறற்றி அகப்பையை நீட்டி. “அந்தோனியாரைக் கூப்பிட்டனான் எல்லே! அவர்தான் நேரே கொண்டுபோய் விட்டவர். மெழுகுதிரி கொளுத்தியும் போட்டன்.”

“அந்தோனியாருக்கு ஹொக்கி தெரியுமே?”

“ஆவரங்கால் ஆக்களைவிடத் தெரியும்!”

ஜேர்மன்காரருக்கு இதைக் கொறற்றி மொழிபெயர்த்தாள். எல்லாரும் சிரித்து ஓய்ந்தபோது விக்டர் கையை உயர்த்தியிருந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளை உயர்த்துகிறமாதிரி. அவருக்குச் சொல் தேடி எடுக்க நேரம் எடுக்கும் என்று தெரிந்தபடியால் எல்லாரும் காத்திருந்தார்கள்.

“வழுக்கவில்லை,” என்றார். “நான் விட்டேன்.”

“என்ன?”

“அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. சொன்னால் யார் நம்புவார்கள்? வட்டு சின்னது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. அப்போது இவர் வந்தார். இவர்...” சொல்லைத் தேடினார். கிடைக்கவில்லை. இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். “எல்லாருக்கும் தெரிவார்.”

பிறிங்க்மனின் கையிலிருந்த நண்டு கோப்பைக்குள் விழுந்தது. லிடியா முகத்தை மூடிக்கொண்டாள். கொறற்றி அகப்பையோடு எழும்பிவிட்டாள்.

“அடப் பாவி மனிசா! நான் அந்த இரும்புக் கம்பத்திலை போய் அடிபட்டிருந்தால்?”

விக்டரின் முகத்தில் வந்த நாளிலிருந்து ஒருவரும் காணாத ஒரு கோபம் வந்தது. கரண்டியைக் கீழே வைத்தார்.

“கம்பத்திலா?” என்றார். “நான் விட்டதா? இடது பக்கம், கீழ் மூலை. குறிபார்த்தது அதை. போனதும் அங்கேதான்.”